முதல் வழக்கே கடைசி வழக்காக: மீண்டும் குற்றத்துக்குத் திரும்பாமல் தடுக்கும் ஆரம்பத் தலையீடு, முழுமையான வழிகாட்டி

14 வயதுப் பையன் ஒருவன் சைக்கிள் திருடிப் பிடிபடுகிறான். அவன் விஷயத்தில் முடிவெடுக்க வேண்டியவர் இரண்டு விதமாகத் தவறலாம். தானாகவே திருந்திவிடக்கூடிய பையனை வழக்கு, வாய்தா, காவல் இல்லம் என்று இழுத்தடித்துக் கெடுத்துவிடலாம். அல்லது, இன்னும் பத்து வழக்குகளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் பையனை ‘சின்னப் பையன்தானே’ என்று எச்சரித்து அனுப்பிவிடலாம். இந்த இருவரையும் பிரித்தறிவதும், முதலாமவனைச் சீக்கிரம் விட்டுவிடுவதும், இரண்டாமவனோடு மாதக்கணக்கில் கூடவே நிற்பதும்தான் ஆரம்பத் தலையீடு. நன்னடத்தை அலுவலர்கள், பள்ளி ஆலோசகர்கள், சிறை நலப் பணியாளர்கள், இந்தத் துறையில் திட்டம் தொடங்க நினைக்கும் அமைப்புகள் ஆகியோருக்காக, வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறோம்.

படி 1: எண்களைச் சரியாகப் படியுங்கள்

காவல்துறைப் பதிவேட்டில் வழக்கு கூடியதாலேயே குற்றம் கூடிவிட்டதாக அர்த்தமில்லை. புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நிலையம் வாங்க ஆரம்பித்தாலே எண் ஏறும். பாலியல் குற்றங்களில் எண் ஏறுவது பல சமயம் பாதிக்கப்பட்டவர்கள் துணிந்து வெளியே வந்து சொல்வதன் அடையாளம். அதனால் வழக்குகளின் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் 1,00,000 பேருக்கு எத்தனை என்று பாருங்கள். சிறிய ஊரானால் ஒரே வருடத்தை நம்பாமல் மூன்று வருடச் சராசரி எடுங்கள். வீடு வீடாகக் கேட்டு எடுத்த கணக்கெடுப்பு ஏதும் இருந்தால் காவல்துறை எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொலையை மறைப்பது கடினம். இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் ஒப்பிட ஓரளவு நம்பத்தக்க அளவுகோல் அதுதான்.

சிறையை நிரப்பினால் குற்றம் குறையும் என்பவர்கள் அமெரிக்காவைக் காட்டுவார்கள். அங்கே 1970-களின் தொடக்கத்திலிருந்து சிறைவாசிகள் பெருகிக்கொண்டே போனார்கள். ஆனால் வன்முறைக் குற்ற விகிதம் உச்சம் தொட்டது 1991-இல். இறங்கியது அதன் பிறகு. அதே 1990-களில் கனடாவிலும் குற்றம் இறங்கியது, அங்கே சிறை விகிதம் ஏறவே இல்லை. பின்லாந்து சில பத்தாண்டுகளில் தன் சிறை விகிதத்தை ஸ்வீடன், நோர்வே போன்ற மற்ற நோர்டிக் நாடுகளின் அளவுக்குக் குறைத்துக் கொண்டுவந்தது. அதனால் அங்கே குற்றம் வெடித்துவிடவில்லை. அந்த நாடுகளின் போக்கையே ஒட்டிச் சென்றது. சிறையால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. ஆபத்தானவர் உள்ளே இருக்கும்வரை வெளியே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. உள்ளே வைத்த காலம் அவரை மாற்றும் என்ற நம்பிக்கைக்குத்தான் ஆதாரம் மெலிவு.

அடுத்து, ‘மறுகுற்ற விகிதம்’ என்று யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால் உடனே இரண்டு கேள்வி கேளுங்கள்: எதை எண்ணினீர்கள்? எத்தனை வருடத்துக்கு? அமெரிக்காவில் 2005-இல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களைத் தொடர்ந்து கவனித்த அரசு ஆய்வில், ஐந்து வருடத்துக்குள் மறுபடி கைதானவர்கள் 77 சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள். அதே ஆய்வில் மறுபடி சிறைக்குப் போனவர்கள் 55 சதவீதம்தான். கைதை எண்ணும் நாட்டையும் சிறைத் தண்டனையை எண்ணும் நாட்டையும் பக்கத்தில் வைத்து ‘அங்கே பாருங்கள், எவ்வளவு நல்ல சிறை’ என்று பேசுவது வீண் பேச்சு.

படி 2: யாரைத் தொட வேண்டும், யாரைத் தொடக்கூடாது

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். குற்றத்தையும் வயதையும் இணைத்து வரைந்த கோடு வேறு கதை சொல்கிறது. 13, 14 வயதில் கிளம்பி, 20-ஐ நெருங்கும்போது உச்சம் தொட்டு, 25-ஐத் தாண்டும்போது சரசரவென்று இறங்கிவிடும். பெரும்பாலோர் யாரும் வளைக்காமலே வளைந்துவிடுகிறார்கள். வேலை, துணை, குழந்தை, பழைய சேர்க்கையிலிருந்து விலகல் என எல்லாமாகச் சேர்ந்து வளைத்துவிடுகின்றன.

வளையாத சிறு கூட்டமும் உண்டு. 1945-இல் பிறந்து பிலடெல்பியாவில் வளர்ந்த 9,945 பையன்களின் பதிவேடுகளைக் குற்றவியலாளர் மார்வின் வுல்ஃப்காங் குழுவினர் ஆராய்ந்து 1972-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 6 சதவீதமான 627 பேர் மட்டுமே மொத்தக் குற்றங்களில் 52 சதவீதத்தைச் செய்திருந்தார்கள். ஒரு முறையாவது காவல்துறையிடம் சிக்கியவர்களில் 46 சதவீதம் பேர் அந்த ஒரு முறையோடு சரி. உளவியலாளர் டெர்ரி மோஃபிட் 1993-இல் இதை இரண்டு பாதைகளாகப் பிரித்துக் காட்டினார்: விடலைப் பருவத்தோடு முடிந்துவிடும் பாதை ஒன்று, சிறு வயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுக்க நீளும் பாதை மற்றொன்று. 15 வயதில் முதல்முறை திருடியவனை விட, 8 வயதிலேயே அடிதடி, பொய், தீ வைப்பு, பள்ளியிலிருந்து ஓடிப்போவது என்று வீட்டிலும் வகுப்பிலும் ஒருசேரத் தொடங்கியவனைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

கனடாவைச் சேர்ந்த ஆண்ட்ரூஸ், போண்டா, ஹோஜ் மூவரும் 1990-இல் வகுத்துச் சொன்ன கொள்கை இங்கேதான் உதவும்: உதவியின் அளவு ஆபத்தின் அளவுக்கு, அதாவது மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பின் அளவுக்கு, பொருந்த வேண்டும். ஆபத்து குறைந்த பையனைத் தீவிரத் திட்டத்தில் போட்டால் பயனில்லை என்பதோடு நிற்காது, கெடுதலே நேரும். அவனைத் தாங்கிக்கொண்டிருந்தவை பள்ளி, பந்து விளையாட்டு, ஒழுங்கான நண்பர்கள். வாரத்துக்கு மூன்று நாள் மையத்துக்கு வரச் சொன்னால் அந்த மூன்றும் அறுந்து, நடுங்கவைக்கும் அனுபவமுள்ள மூத்தவர்களின் பழக்கம் வந்து சேரும். சிறாரை முறையான நீதிமன்ற நடவடிக்கைக்குள் கொண்டுவருவதா, விலக்கி விடுவதா என்று ஒப்பிட்ட 29 ஆய்வுகளை 2010-இல் தொகுத்துப் பார்த்தபோது, நீதிமன்றம் போனவர்கள் சராசரியில் சற்றே மோசமாகத்தான் முடிந்தார்கள்.

படி 3: குறைந்த ஆபத்து என்றால், சட்டென்று, சின்னதாக, முடித்துவிடுங்கள்

சம்பவம் நடந்து பத்து நாளுக்குள் முதல் சந்திப்பு நடக்கட்டும். எட்டு மாதம் கழித்து வரும் தண்டனைக்கும் செய்த காரியத்துக்கும் இடையே பையன் மனதில் முடிச்சே விழாது. இத்தாலியச் சிந்தனையாளர் சேசாரே பெக்காரியா 1764-இலேயே வலியுறுத்திய விஷயம் இது: தண்டனையின் கடுமையை விட, அது நிச்சயமாகவும் விரைவாகவும் வருவதுதான் குற்றத்தைத் தடுக்கும்.

நிபந்தனை மூன்றுக்கு மேல் வேண்டாம். மூன்று மாதத்துக்குள் முடிகிற மாதிரி இருக்கட்டும். பறித்த பொருளைத் திருப்பித் தருவது, சேதத்தை உழைத்துச் சரிசெய்வது, பள்ளிக்குத் தவறாமல் போவது, இவற்றில் எது பொருந்துமோ அது. பன்னிரண்டு நிபந்தனை போட்டால் ஒன்றையாவது மீறுவான். மீறியதற்குத் தனி நடவடிக்கை வரும். சைக்கிள் திருட்டு மறந்துபோய், ‘நிபந்தனை மீறியவன்’ என்ற பெயரே அவனை உள்ளே தள்ளும். முன்பெல்லாம் எச்சரித்து அனுப்பியிருக்கக்கூடிய பிள்ளைகளையும் ‘திட்டம் இருக்கிறதே’ என்று உள்ளே இழுத்துப் போடுவது இன்னொரு வழக்கமான பிசகு. மாதம் ஒரு முறை உங்கள் பட்டியலை எடுத்து, ‘இந்தத் திட்டம் இல்லாவிட்டால் இவனுக்கு என்ன ஆகியிருக்கும்?’ என்று பெயர் பெயராகக் கேளுங்கள். ‘ஒன்றும் ஆகியிருக்காது’ என்று பதில் வந்தால் அவனை விடுவியுங்கள்.

பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் நேருக்கு நேர் சந்திப்பு நல்ல வழி. சம்மதம் அவருடையது, வற்புறுத்தவே கூடாது. இரு தரப்பையும் தனித்தனியாகக் குறைந்தது ஒரு முறை முன்னதாகச் சந்தியுங்கள். நாற்காலிகளை நடுவில் மேசை இல்லாமல் வட்டமாகப் போடுங்கள். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், யார் யாருக்கு என்ன பாதிப்பு, சரிசெய்ய என்ன செய்யப்போகிறாய் என்ற வரிசையில் கேள்விகள் போகட்டும். ‘ஏன் செய்தாய்?’ என்று கேட்காதீர்கள்; அதற்குச் சாக்குத்தான் பதிலாக வரும். மன்னிப்பைப் பெற்றோர் எழுதிக் கொடுத்துப் பையன் ஒப்பித்தால், எதிரே இருப்பவர் முகம் இறுகுவதை நீங்களே பார்ப்பீர்கள். அந்தச் சைக்கிள் இல்லாமல் தான் தினமும் எவ்வளவு தூரம் நடந்தேன் என்று அவர் சொல்லக் கேட்டு, பையன் தலைகுனிந்து, திக்கித் திணறி அவனாகச் சொல்லும் இரண்டு வார்த்தைதான் இருவருக்குமே வேலை செய்யும். அதுவரை வரும் மௌனத்தை நீங்கள் பேசி நிரப்பிவிடாதீர்கள்.

படி 4: நடுத்தர, உயர் ஆபத்துக்கு முழு மதிப்பீடு

மீண்டும் குற்றம் செய்வதோடு வலுவாகப் பிணைந்தவை எட்டு: பழைய குற்ற நடத்தை, குற்றத்தை நியாயப்படுத்தும் எண்ணங்கள், சேர்க்கை, அடங்காத ஆவேச சுபாவம், குடும்பம், பள்ளி அல்லது வேலை, போதை, ஓய்வு நேரம். முதலாவதை மாற்ற முடியாது. மற்ற ஏழும் மாறக்கூடியவை. திட்டம் முழுக்க இந்த ஏழில் மூன்று அல்லது நான்கைக் குறிவைக்க வேண்டும். தன்னம்பிக்கையை வளர்ப்பது கேட்க இனிமையாக இருக்கும். மற்ற எதையும் தொடாமல் அதை மட்டும் வளர்த்தால், தன்னம்பிக்கையோடு அதே காரியத்தைத் தொடர்வான்.

நேர்காணலுக்கு 60 முதல் 90 நிமிடம் ஒதுக்குங்கள். பையன், பெற்றோர், பள்ளிப் பதிவு என்று மூன்று பக்கமிருந்தாவது தகவல் வரட்டும். ‘உனக்கு எப்படிப்பட்ட நண்பர்கள்?’ என்றால் ‘நல்ல பசங்க’ என்பான். அதற்குப் பதில், ‘நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து சொல்’ என்று ஆரம்பித்து, ஒரு தாளில் மணிக்கு ஒரு கட்டமாக எழுதிக்கொண்டே போங்கள். எங்கே, யாரோடு, யார் கண்ணில் பட்டபடி என்று மூன்று வரி போதும். பள்ளி விட்ட நேரத்திலிருந்து வீட்டில் பெரியவர் ஒருவர் வந்து சேரும்வரை இருக்கும் கட்டங்கள் அநேகமாகக் காலியாகவோ ஒரே பெயராகவோ இருக்கும். உங்கள் தலையீடு நுழைய வேண்டிய வாசல் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. மதிப்பீட்டுப் படிவங்கள் பழைய கைதுகளை எண்ணுகின்றன. காவல் ரோந்து அதிகமுள்ள பகுதியில் வளரும் பையனுக்கு, அதே காரியத்தை வேறு பகுதியில் செய்தவனை விடக் கைது எண்ணிக்கை கூடுதலாக இருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு கைதும் எதற்காக என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுமதிப்பீடு செய்யுங்கள். ஆபத்து மதிப்பெண் இறங்கியும் கண்காணிப்பைத் தளர்த்தாத அலுவலகங்கள், முன்னேறியவனுக்கு முன்னேறியதற்கான பலனையே தராமல் விடுகின்றன.

படி 5: குடும்பத்துக்குள் வேலை செய்யுங்கள்

ஆதாரம் மிக வலுவாக இருக்கும் இடம் இது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டேவிட் ஓல்ட்ஸ் நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் 1970-களின் இறுதியில் தொடங்கிய சோதனையில், முதல் குழந்தையைச் சுமக்கும் பெண்களைச் செவிலியர் வீட்டுக்கே சென்று பார்த்தார்கள். குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை தொடர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் 15 வயதை எட்டியபோது, செவிலியரின் இந்த வருகை கிடைக்காத ஒப்பீட்டுக் குழுவை விடக் குறைவாகவே கைதாகியிருந்தார்கள். மிச்சிகனில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி முன்பள்ளிச் சோதனையில் 123 குழந்தைகள். 40 வயதுக்குள் ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள், முன்பள்ளிக்குப் போனவர்களில் 36 சதவீதம், போகாதவர்களில் 55 சதவீதம். இரண்டிலும் குற்றத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கவனியுங்கள்.

3 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பயிற்சி. வீட்டில் நடப்பது இதுதான்: அம்மா ஒன்று சொல்கிறார், பிள்ளை கத்துகிறது, அம்மா குரலை உயர்த்துகிறார், பிள்ளை இன்னும் கத்துகிறது, அலுத்துப்போய் அம்மா விட்டுவிடுகிறார். கத்தினால் காரியம் ஆகும் என்று பிள்ளையும், விட்டுவிட்டால் நிம்மதி என்று அம்மாவும் ஒரே நிமிடத்தில் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு நாளில் இது எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இதை உடைக்க: அடுத்த அறையிலிருந்து கூப்பிடாமல் பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு காரியம் சொல்ல வேண்டும். செய்தால் அந்தக் கணமே, என்ன செய்தான் என்று குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டும். செய்யாவிட்டால் சின்னதாக, அன்றே முடிகிற இழப்பு ஒன்று. ஒரு மாதத்துக்குக் கைபேசி கிடையாது என்பது மூன்றாம் நாளே காற்றில் போகும். இன்று மாலை அரை மணி நேரம் கிடையாது என்பது நிற்கும். பத்து, பன்னிரண்டு அமர்வுகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் பெற்றோர் உங்கள் முன்னால் நடித்துப் பார்க்க வேண்டும், கேட்டுவிட்டுப் போனால் போதாது. முதல் இரண்டு வாரம் பிள்ளையின் கத்தல் கூடத்தான் செய்யும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெற்றோர் பாதியில் நின்றுவிடுவார்கள்.

வழக்குள்ள விடலைகளுக்கு ஸ்காட் ஹெங்கெலர் உருவாக்கிய மல்டிசிஸ்டமிக் தெரபி (குடும்பம், பள்ளி, நண்பர்கள் என எல்லாப் பக்கமும் சேர்த்து வேலை செய்யும் சிகிச்சை) நல்ல மாதிரி: ஒரு சிகிச்சையாளருக்கு நான்கு முதல் ஆறு குடும்பம் மட்டும், மூன்று முதல் ஐந்து மாதம், சந்திப்பு அவர்கள் வீட்டில், நள்ளிரவில் அழைத்தாலும் குழுவில் ஒருவர் எடுப்பார். செலவைக் குறைக்கிறேன் என்று ஒருவருக்கு இருபது குடும்பம் கொடுத்தால் பெயர் மட்டும் மிஞ்சும், வேலை மிஞ்சாது.

படி 6: கோபத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு நொடி

சிந்தனைப் பயிற்சிக் குழுவில் எட்டு முதல் பத்து பேர், வாரம் ஒரு முறையோ இரண்டு முறையோ. சிகாகோவில் பள்ளிப் பையன்களுக்கு நடத்தப்படும் ஒரு திட்டத்தின் முதல் வகுப்பு புகழ்பெற்றது. இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவன் கையில் பந்து. மற்றவனுக்கு 30 நொடி, அதை வாங்க வேண்டும். முறுக்குவார்கள், பிடுங்குவார்கள், உருளுவார்கள். நேரம் முடிந்ததும் பயிற்றுநர் கேட்பார்: ‘யாராவது பந்தைக் கொடு என்று கேட்டீர்களா?’ கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்றால், பெரும்பாலோர் ‘கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே’ என்பார்கள். யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் ஒப்பிடுவது என்று குலுக்கிப் போட்டு முடிவு செய்த இரண்டு சோதனைகளிலும் திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக்கான கைதுகள் 45 முதல் 50 சதவீதம் வரை குறைந்தன. முடிந்தபின் அந்த அளவு நிலைக்கவில்லை, எனவே தொடர்ச்சிக்கு இப்போதே திட்டமிடுங்கள்.

குழுவில் கண்காணிக்க வேண்டியது சிரிப்பு. ஒருவன் தான் செய்த அடாவடியைச் சொல்ல, மற்றவர்கள் சிரித்தால், அந்தச் சிரிப்பே பரிசு. அது ஒரு அமர்வில் மூன்று தடவைக்கு மேல் நடந்தால் குழுவைச் சிறிதாக்குங்கள், ஒழுங்காக நடக்கும் சம வயதினரைக் கலந்துவிடுங்கள்.

படி 7: செய்யவே கூடாதவை

‘அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்ற நம்பிக்கையில் பிறந்தது, பிள்ளைகளைச் சிறைக்குள் அழைத்துப்போய் ஆயுள் தண்டனைக் கைதிகளை விட்டு மிரட்டவைக்கும் திட்டம். 1970-களில் நியூஜெர்சியின் ராவே சிறையில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. குலுக்கல் முறையில் நடந்த ஒன்பது சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால், போனவர்கள் போகாதவர்களை விட அதிகமாகக் குற்றம் செய்தார்கள். ராணுவப் பாணி முகாம்களும் அணிவகுப்பை மட்டும் நம்பினால் பலன் தருவதில்லை.

அன்பான உதவிகூடக் கெடுக்கலாம். மாசசூசெட்ஸில் 1939-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வில் 506 பையன்கள். பாதிப் பேருக்கு ஆலோசகர், பாட உதவி, மருத்துவம், கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. முப்பது வருடம் கழித்து ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பிடித்தபோது, உதவி பெற்றவர்களின் நிலைதான் மோசம். அவர்களில் பலர் அந்தத் திட்டத்தை நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள் என்பது இதில் நெஞ்சை உறுத்தும் பகுதி. கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம் கெட்டார்கள் என்று பின்னர் தெரிந்தது. ‘பயனாளிகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்’ என்ற அறிக்கை எதையும் நிரூபிக்காது.

படி 8: சிறை தவிர்க்க முடியாதபோது

விடுதலைத் திட்டம், விடுதலை தேதிக்குக் குறைந்தது 90 நாள் முன்னால் ஆரம்பிக்கட்டும். குடும்பச் சந்திப்புகளைத் தண்டனையாக நிறுத்தாதீர்கள். மின்னசோட்டாவில் விடுதலையான 16,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்ததில், யாராவது வந்து பார்த்தவர்கள் மறுபடி பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெறும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவாக இருந்தது.

வெளியே வந்த முதல் 72 மணி நேரம் மிக முக்கியம். அடையாள ஆவணம் கையில் இருக்கிறதா, முதல் இரவு எங்கே படுப்பார், வாசலில் யார் நிற்பார், சாப்பிடும் மருந்து ஒரு மாதத்துக்கு உண்டா, போய்ச்சேரக் காசு இருக்கிறதா, அடுத்த நாள் எத்தனை மணிக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரே தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். வார இறுதிக்கு முந்தைய நாள் விடுவித்தால் அலுவலகங்கள் மூடியிருக்கும். அவர் இரண்டு இரவு தெருவில். இதற்காகவே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெள்ளிக்கிழமை விடுதலையைத் தவிர்க்க 2023-இல் சட்டம் வந்தது.

போதைப் பழக்கம் இருந்தவரிடம் ஒன்றை அழுத்தமாகச் சொல்லுங்கள்: உள்ளே இருந்த காலத்தில் உடல் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவை எடுத்தால் உயிர் போகும். வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007-இல் வந்த ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் ஆபத்து பொதுமக்களை விட 12 மடங்குக்கும் மேல். முதல் காரணம் அளவு மீறிய போதை.

படி 9: பலன் தந்ததா என்று பாருங்கள்

பிள்ளைகள் உங்களிடம் வருவது அவர்களின் மிக மோசமான கட்டத்தில். எதுவுமே செய்யாவிட்டாலும் பலர் கொஞ்சம் தேறுவார்கள். ‘முன்பு, பின்பு’ என்ற ஒப்பீடு இதனால்தான் எல்லாத் திட்டத்தையும் வெற்றியாகக் காட்டும். ஒப்பீட்டுக் குழு வேண்டும். இடங்களை விட விண்ணப்பங்கள் அதிகமாக இருந்தால் குலுக்கிப் போடுவதே நியாயமான வழி, ஆய்வுக்கும் அதுவே பொருந்தும். பாதியில் நின்றவர்களையும் உங்கள் கணக்கில் சேருங்கள். முடித்தவர்களை மட்டும் எண்ணினால், எப்படியும் திருந்தியிருக்கக்கூடியவர்களைத்தான் எண்ணுவீர்கள். குறைந்தது 24 மாதம் தொடருங்கள். மறுபடி குற்றம் செய்தாரா என்பதோடு, எத்தனை நாள் கழித்து, எவ்வளவு கடுமையான குற்றம் என்றும் எழுதுங்கள். மாதம் நான்கு முறை கொள்ளையடித்தவன் ஒரு வருடத்தில் ஒரு கடைத் திருட்டோடு நின்றிருந்தால், ‘மீண்டும் குற்றம்: ஆம்’ என்ற கட்டம் அந்த மாற்றத்தை விழுங்கிவிடும்.

திட்டம் நடக்கும்போதே ஒருவன் மறுபடி பிடிபட்டால் அவனை வெளியேற்றாதீர்கள். 48 மணி நேரத்துக்குள் சந்தித்து, மணிக்கு ஒரு கட்டம் போட்ட அந்தத் தாளை மறுபடி எடுங்கள். பிடிபட்ட நாளை நிரப்பச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் வேறு பாதை எடுத்திருக்கலாம் என்று அவனே விரல் வைத்துக் காட்டும்வரை காத்திருந்து, அந்த ஒரு மணி நேரத்துக்கு அடுத்த வாரம் யார் கூட இருப்பார் என்று பெயர் எழுதுங்கள்.